‘டார்கெட் ஆடியன்ஸ்’: இசையிதழ்ப் பயிற்சிக்கு ஒரு சொல் வேண்டும்

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காட்சித் தொடர்பியல் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறேன். இளைஞர்களுக்கான புதிய இசையிதழ் ஒன்றை அவர்களே திட்டமிட வேண்டும்: அட்டை, பொருளடக்கம், உள்ளே எதிரெதிராக இரண்டு பக்கம். இங்கிலாந்தில் ஓசிஆர் தேர்வு வாரியத்தின் ஊடகப் பாடத்தில் பல ஆண்டுகள் இருந்த பயிற்சிதான். பக்கம் செய்யத் தொடங்குமுன், யாருக்காகச் செய்கிறோம் என்று விசாரித்து எழுத வேண்டும். ‘டார்கெட் ஆடியன்ஸ்’, ‘ஆடியன்ஸ் ரிசர்ச்’ இரண்டுக்கும் சொல் வேண்டும்.

போன தடவை நான் சொல் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு பெண் ‘இலக்குப் பார்வையாளர்’ என்று எழுதினாள். பக்கத்தில் இருந்த பையன் ‘இலக்கு நேயர்’ என்றான். இன்னொருவன் ‘குறிவைக்கப்பட்ட மக்கள்’ என்று எழுதியிருந்தான். அதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வியாழக்கிழமை பயிற்சித்தாள் அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

ஞா. எழுதியது:

செ. அம்மா, இதற்குப் புதுச்சொல் எதற்கு? திருக்குறளின் 72ஆம் அதிகாரத்துக்குப் பெயரே ‘அவையறிதல்’. முதல் குறள் ‘அவையறிந்து ஆராய்ந்து சொல்லுக’ என்று தொடங்குகிறது. நீங்கள் கேட்கும் இரண்டும் அந்த மூன்று சொல்லுக்குள் இருக்கின்றன. ஆடியன்ஸ் என்றால் அவை, ஆடியன்ஸ் ரிசர்ச் என்றால் அவையாய்வு. வடிவமைப்புக்கும் அங்கேயே இடம் உண்டு. ‘ஒளியார்முன் ஒள்ளியர் ஆதல் வெளியார்முன் வான்சுதை வண்ணம் கொளல்.’ எதிரே இருப்பவர் யார் என்று பார்த்து நம் வண்ணத்தை அமைத்துக்கொள் என்கிறார். அட்டைக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வ. எழுதியது:

ஞா. ஐயா, குறள் அருமை. ஆனால் வெளியார் என்றால் அறிவில்லாதவர். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதழ் செய்யும்போது அவர்களை அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டால், அந்த இதழ் எப்படி விற்கும்? அவை என்றால் எதிரே கூடியிருக்கும் கூட்டம். பத்திரிகை படிப்பவர் பேருந்தில் தனியாக உட்கார்ந்து படிக்கிறார். அவருக்கு அவை என்ற பெயர் ஒட்டாது.

இருபது வருடமாகப் பத்திரிகைக்கு லேஅவுட் செய்கிறேன். எங்களிடம் ‘ரீடர் யாரு?’ என்றுதான் பேச்சு. இலக்கு வாசகர் என்று போட்டால் எல்லோருக்கும் புரியும்.

ஞா. எழுதியது:

இலக்கு வடசொல், வாசகர் வடசொல். இரண்டையும் ஒட்டி அதைத் தமிழ்க் கலைச்சொல் என்கிறீர்கள். ‘படிப்போர்’ இருக்கும்போது வாசகர் எதற்கு?

மு. எழுதியது:

ஐயா, அப்படிப் பார்த்தால் அவையும் ‘சபா’விலிருந்து வந்தது என்றுதான் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி சொல்கிறது.

ஞா. எழுதியது:

பேரகராதி சொல்வதாலேயே அது முடிந்த முடிபு ஆகிவிடாது. அமைதல் என்றால் கூடுதல், பொருந்துதல். அமை, அவை. மகரமும் வகரமும் மாறி வருவது தமிழில் புதிதா? மிஞ்சு, விஞ்சு. முழுங்கு, விழுங்கு. கூடி அமைந்தது அவை. இலக்குக்கும் இதே வழியில் வேர் காட்டுவோர் உண்டு, இலங்கு என்பதிலிருந்து. அதை நான் ஏற்கவில்லை, வேறொரு மடலில் விரிவாக எழுதுகிறேன்.

செ. எழுதியது:

ஐயா, இன்று செவ்வாய்.

ல. எழுதியது (லண்டனிலிருந்து):

வணக்கம். ஒரு விசயத்தை யோசியுங்கோ. இது இசையிதழ். வாங்குகிற பிள்ளை முதலில் பாட்டுக் கேட்கிற பிள்ளை, பிறகுதான் வாசகர். இங்கே 1978இல் ஸ்மாஷ் ஹிட்ஸ் தொடங்கினபோது அதன் பெரிய பலம் பாட்டு வரிகளை அச்சடித்துக் கொடுத்ததுதான். ரேடியோவில் கேட்ட பாட்டை முழுதாகப் பாடிப் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளைகள் வாங்கினார்கள். ஊரில் தியேட்டர் வாசலில் பாட்டுப்புத்தகம் வாங்கின ஆட்களுக்கு இது உடனே விளங்கும். அந்த இதழ் 2006இல் நின்றது. 1952இல் தொடங்கின என்எம்இ என்ற இசை வார இதழ் 2015இல் இலவசமாகி, 2018இல் வார அச்சை நிறுத்தியது.

அதனால் ‘நேயர்’ என்ற சொல்லைத் தள்ளிவிடாதேங்கோ. இலங்கை வானொலியின் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வெறும் ‘கேட்பவர்’ இல்லை. நேயம் உள்ளவர் நேயர். தபால் அட்டையில் பேர் எழுதிப் போட்டு, அந்தப் பேர் வாசிக்கப்படுமா என்று காதைத் தீட்டி வைத்திருந்தவர். இசையிதழுக்கு வேண்டியது அந்த ஆள்தான்.

ஞா. எழுதியது:

நேயம் ‘ஸ்நேகம்’ என்பதன் திரிபு.

மு. எழுதியது:

ல. அக்கா சொன்னதைப் படித்ததும் நன்னூல் நினைவுக்கு வந்தது. சிறப்புப் பாயிரத்தில் சொல்ல வேண்டியவை எட்டு என்று பவணந்தியார் பட்டியல் தருகிறார்: ‘ஆக்கியோன் பெயரே வழியே எல்லை நூற்பெயர் யாப்பே நுதலிய பொருளே கேட்போர் பயனோடு’. ஏழாவதைப் பாருங்கள், கேட்போர். இந்த நூல் யாருக்காக என்பதை நூலின் முகப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது நம் இலக்கண விதி. டார்கெட் ஆடியன்ஸ் என்பது இதுதானே? ஆடியன்ஸுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கும் கேட்டல் என்றுதான் பொருள். இசையிதழுக்கு இன்னும் பொருத்தம். ‘கேட்போர்’, ‘கேட்போராய்வு’ என்று முன்மொழிகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வாசகரை வீட்டில் சம்பாதிப்பவரின் தொழிலைப் பார்த்து ஏ, பி, சி1, சி2, டி, இ என்று பிரிப்பார்கள். நன்னூல் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம் (ஓட்டைக்குடம்), ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டி) என்று பிரிக்கிறது. தொழிலை வைத்து இல்லை, கேட்டதை என்ன செய்கிறார்கள் என்பதை வைத்து. எனக்கு இந்தப் பகுப்பு மேல் என்று படுகிறது. ஒரே தெருவில் ஒரே வருமானத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று கேட்ட பாட்டையே திரும்பப் பாடும் கிளி, இன்னொன்று பத்து இடத்தில் நுனி கடிக்கும் ஆடு. இதழாசிரியருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

வ. எழுதியது:

மு. தம்பி, ஆட்டைப் படித்து ரசித்தேன். ஆனால் பாயிரத்தின் கேட்போர், அந்த நூலைக் கேட்கத் தகுதி உள்ளவர். நூல் மாறாது, ஆளைத்தான் பொறுக்குகிறோம். ஆடியன்ஸ் ரிசர்ச்சில் ஆள் மாறமாட்டார், அவரைப் பார்த்து நாம்தான் இதழை மாற்றுகிறோம். திசையே எதிர். இதை மாணவர்களுக்கு விளக்கவே ஒரு வகுப்பு போய்விடும்.

அப்புறம் செ. அம்மா, சொல்லைவிட எனக்குக் கவலை தரும் ஒரு விசயம். மாணவர்கள் ஆங்கில இதழ்களைப் பார்த்து ரேப்பர், அதாவது அட்டை, செய்வார்கள். கெராங் இதழைப் பாருங்கள், 1981இல் வந்தது. கிதார் தந்தியை ஓங்கி அடித்தால் வரும் ஓசைதான் பெயர். பெயரின் எழுத்துகளில் உடைந்த கண்ணாடி போல விரிசல் ஓடும். பாடகரின் தலை அந்த எழுத்துகளை மறைத்தாலும் படிக்க முடியும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், மேலே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. இதையே ஒரு பயிற்சி மாணவர் ‘துடிப்பு’ என்ற பெயரில் செய்து கொண்டுவந்தார். பாடகியின் கொண்டை ‘ப்’ மேல் இருந்த புள்ளியை அப்படியே விழுங்கிவிட்டது. ‘துடிபபு’ என்று நின்றது. விரிசல் விட்டிருந்தால் ‘டி’யின் வளைவும் போயிருக்கும். தமிழில் பெயருக்கு மேலே ஒரு விரல் இடம் விட்டே ஆக வேண்டும். இதைப் பயிற்சித்தாளில் தயவுசெய்து சேருங்கள்.

ஞா. எழுதியது:

வ. சொன்னது முற்றிலும் சரி. ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்பது தொல்காப்பியம். புள்ளியை மறைத்தால் மெய்யெழுத்தையே மறைத்ததாகும். கெராங் போன்ற ஓசைப்பெயர்களைப் பற்றியும் எழுத வேண்டும், நம் இரட்டைக்கிளவிகளில் எத்தனை இதழ்ப்பெயர்கள் தூங்குகின்றன!

செ. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை வகுப்பில் நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதினேன். அவையாய்வு என்றதும் சட்டசபை பற்றிய ஆய்வா என்று கேட்டார்கள். கேட்போர் என்றதும் எஃப்எம் என்றார்கள். நேயர் பிடித்திருந்தது, ஆனால் பத்திரிகைக்கு ஒட்டவில்லையாம். இலக்கு வாசகர் என்றதும் யாரும் எதுவும் கேட்கவில்லை, எழுதிக்கொண்டார்கள். அதையே போடுகிறேன். ஆய்வுக்கு ‘வாசகர் ஆய்வு’. பாயிரத்தின் எட்டையும் பயிற்சித்தாளின் முதல் கேள்வியாக வைத்துவிட்டேன், ‘கேட்போர்’ அந்த இடத்தில் இருக்கிறது. வ. ஐயா சொன்ன புள்ளியும் சேர்ந்துவிட்டது.

மு. எழுதியது:

எனக்குச் சம்மதம்.

ல. எழுதியது:

எனக்கும் சரி, அரை மனதோடை.

ஞா. எழுதியது:

அச்சுக்குப் போகட்டும் அம்மா, பிள்ளைகளின் வேலை நிற்கக் கூடாது. ஆனால் எனக்கு உடன்பாடில்லை என்பதைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். வாசகரை அம்பு எய்யும் இடத்தில் நிறுத்தும் சொல் இது. உங்கள் மாணவன் ‘குறிவைக்கப்பட்ட மக்கள்’ என்று எழுதியபோது உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிற்று அல்லவா? இலக்கும் அதுதான்.

வ. எழுதியது:

எதிரெதிர் இரண்டு பக்கத்துக்கு என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்? நடுப்பக்கம் என்று போட்டுவிடாதீர்கள், அது பின் அடிக்கும் இடத்தில் வருவது மட்டும்தான்.