லூரை (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) தூண்டில் நரம்பில் கட்டியதில் உங்களுக்கு நடந்த அனுபவம்?

தக்கை:
இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. தெளிந்த தண்ணீர், இடுப்பளவு ஆழம். 40 பவுண்டு லீடரில் (நரம்பின் முனையில் சேர்க்கும் தடித்த துண்டு) சின்ன சஸ்பெண்டிங் மின்னோ (நிறுத்தினால் மிதக்காமல் மூழ்காமல் அப்படியே நிற்கும் குட்டி மீன் வடிவ லூர்), வளையத்தோடு ஒட்டி இறுகும் கிளிஞ்ச் முடிச்சு போட்டு நன்றாக இறுக்கியிருந்தேன். ஒரு கொடுவா பின்னாலேயே வந்தது. இரண்டு சுண்டு சுண்டி நிறுத்தினேன். லூர் நேராக நிற்காமல் ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டது. மீனின் மூக்கு அதிலிருந்து நாலு விரற்கடை தூரம்தான், செவுள் ஒருமுறை விரிந்து மூடியது, அப்புறம் வயிறு பளிச்சிடத் திரும்பிப் போயே போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் முடிச்சு மூக்கு வளையத்தின் ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது, தடித்த லீடர் தலையை ஒரு பக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது. அங்கேயே வெட்டி, வளையத்தை இறுக்காமல் லூப் (தளர்ந்த கண்ணி) விட்டுக் கட்டினேன். காலடியில் இழுத்துப் பார்த்தபோதே வால் துள்ளுவது வேறு மாதிரி. அந்த மீன்தான் திரும்ப வரவில்லை.

கரையோரம்:
எனக்கு ஸ்னாப்பால் (லூரை மாட்டிக் கழற்றும் கம்பிக் கொளுவி) வந்த வினை. லூர் மாற்றச் சுலபம் என்று ஸ்விவல் (சுழலும் இணைப்பு) சேர்ந்த பெரிய ஸ்னாப்பை 5 கிராம் மிதக்கும் லூரில் மாட்டினேன். விழுந்ததும் மூக்கு தண்ணீருக்குள், வால் வானத்தில். அரை நாள் அப்படியே எறிந்திருக்கிறேன், பக்கத்தில் நின்றவர் அதே லூரில் மூன்று மீன் எடுத்தார். இப்போது ஸ்விவல் இல்லாத குட்டி ஸ்னாப்தான். தகடு சுழலும் ஸ்பின்னர் லூருக்கு மட்டும் ஸ்விவல், இல்லையென்றால் நரம்பு முறுக்கிக்கொள்ளும்.

சிக்கெடுப்பவர்:
தக்கை சொல்வதை அப்படியே ஏற்க மாட்டேன். லூப் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. நான் பிரெய்டிலேயே (பின்னிய நரம்பு) நேராக ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு லூப் விட்டேன், முன் கொக்கி அதில் மாட்டி லூர் தாறுமாறாக வரும்போது மீன் அடித்தது, நிற்கவில்லை. பிரெய்டு துவளும், லீடரின் விறைப்பு இருந்தால்தான் லூப் விரிந்து நிற்கும். அளவு சுண்டுவிரல் நகம் போதும். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள், உலர்ந்தபடி இழுத்தால் சூட்டில் நரம்பு வலுவிழக்கும். லூரில் ஏற்கெனவே ஸ்பிளிட் ரிங் (சாவி வளையம் போன்ற இரட்டைச் சுற்றுக் கம்பி) இருந்தால் லூப்பே வேண்டாம், ரிங்கிலேயே இறுக்கிக் கட்டலாம், ரிங்தான் ஆடிக் கொடுக்கிறதே. ஆனால் ரிங்கின் கம்பி முனை வெளியே தெரியும் இடத்துக்கு முடிச்சு நகர்ந்தால் அது நரம்பை அறுக்கும், பத்து எறிக்கு ஒருமுறை தடவிப் பாருங்கள். பெரிய மீனோடு போராடியிருந்தால் லூப்பை வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள், பல பேர் சோம்பல்பட்டு அடுத்த மீனை விடுகிறார்கள். அப்புறம், மேல்தண்ணீரில் மிதக்கும் பாப்பர் லூருக்கு ஃப்ளூரோகார்பன் லீடர் வேண்டாம், அது மூழ்கும், மூக்கைக் கீழே இழுக்கும், நைலான் போடுங்கள்.

கரையோரம்:
வளையமே கோணியிருந்தாலும் லூர் சாயுமே தக்கை? எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் குறட்டால் மயிரிழை வளைத்தால் சரியாகும்.

தக்கை:
பார்த்துவிட்டேன். இழுக்கும்போது நேராகத்தான் வந்தது, நிறுத்தினால்தான் சாய்ந்தது. லூப் கட்டியபின் அதே லூர், அதே லீடர், நிறுத்தினால் நேராக நிற்கிறது.