பச்சை ஓடு ஒன்று கிடைத்திருக்கிறது, சீன ஓடுதானா?

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் மாமாவின் தென்னந்தோப்பில் போன வாரம் குழி தோண்டினோம். மூன்றடி ஆழத்தில் உள்ளங்கை அகல ஓடு ஒன்று, உடைந்த பாத்திரத்தின் அடித்துண்டு, வந்தது. வெளிறிய பச்சையில் கண்ணாடி மாதிரி பூச்சு, உள்ளே லேசாகத் தாமரை இதழ் கீறல். அடிவளையத்தில் மட்டும் பூச்சில்லை, அந்த இடம் செங்கல் நிறத்தில் சுட்டிருக்கிறது. மாமா "பழைய பீங்கான், தூக்கிப் போடு மாப்பிள்ளை" என்றார். எனக்குத்தான் மனசு வரவில்லை.

எங்கள் ஊரில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் அகழாய்வில் கிடைத்தவைதானே. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் இந்தக் கரையோரத் துறைகளில் இறங்கின, சீனக் கப்பல்களும் வந்து போயின. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களைத் தொண்டிப் பக்கம் தீர்த்தாண்டதானம் கல்வெட்டே சொல்கிறது. அஞ்சுவண்ணத்தார் மேற்கே கடல் கடந்து வந்தவர்கள், மணிக்கிராமத்தார் இந்தப் பக்கத்து வணிகர்கள். இரு தரப்பும் ஒரே கல்லில்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சீனாவின் லோங்சுவான் ஊர்ப் பச்சைப் பீங்கானைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அடிவளையச் சிவப்பை வைத்து உறுதியாகச் சொல்ல முடியுமா, இல்லை பிற்காலச் சரக்கிலும் அப்படி வருமா? அப்புறம், இதை ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அருங்காட்சியகத்தில் நேரில் கொடுக்கலாமா, முதலில் தாசில்தாரிடம் சொல்ல வேண்டுமா? விற்கிற எண்ணம் இல்லை, விலை கேட்டு யாரும் உள்பெட்டிக்கு வர வேண்டாம். படம் கீழே போடுகிறேன். குழியை அப்படியே விட்டு வைத்திருக்கிறோம், மாமா முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார்.