மெக்கானிக்கல் முடித்த தம்பிக்கு ஒரு இன்டர்வியூ அழைப்புகூட வரவில்லை, எங்கிருந்து தொடங்கச் சொல்வது?

தென்றல்_திருச்சி:
தம்பி இந்த மே மாதம் பி.இ. மெக்கானிக்கல் முடித்தான். 7.1 சி.ஜி.பி.ஏ., அரியர் இல்லை. தினமும் நௌக்ரியில் பத்துப் பதினைந்து இடத்துக்கு அப்ளை செய்கிறான். பதிலே இல்லை. இப்போது வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "எல்லாம் சரியாகிவிடும்" என்றால் எரிந்து விழுகிறான். உருப்படியாக என்ன செய்யச் சொல்லலாம்?

தரப்பிரிவு:
அரியர் இல்லாமல் 7.1 என்பது நல்ல மார்க், சகோதரி. அதை முதலில் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்து ரெஸ்யூமை வாங்கிப் பாருங்கள். அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு, எல்லோரும் காப்பியடிக்கும் அந்த 'கேரியர் அப்ஜெக்டிவ்', எல்லாவற்றையும் வெட்டிவிடலாம். மிச்சமாகும் இடம் ப்ராஜெக்டுக்கு. "டிரில் ஜிக் (துளை சரியான இடத்தில் விழ டிரில்லுக்கு வழிகாட்டும் சாதனம்) செய்தோம்" என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன மெட்டீரியல், எந்த மெஷின், டாலரன்ஸ் (அளவு கூடக் குறைய இருக்க அனுமதி) எவ்வளவு, நால்வர் குழுவில் இவர் செய்த வேலை எது என்று இருக்க வேண்டும்.

ஒரகடம், ஓசூர் பக்கம் குவாலிட்டி (தரச் சோதனை) வேலை இன்டர்வியூவுக்குப் போனால் டிராயிங்கை முன்னால் வைத்துக் கேட்பார்கள். உதாரணமாக, 20 எச்7 துளை: 20 மி.மீ. துளை, எச்7 என்பது அதன் டாலரன்ஸ் குறியீடு. அளவு 20.000 முதல் 20.021 மி.மீ. வரை இருக்கலாம். துளையைச் சோதிக்கும் பிளக் கேஜில் கோ முனை உள்ளே போக வேண்டும், நோ-கோ முனை போகக் கூடாது. இதுவரை பையன்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். "கோ போகவில்லை, என்ன செய்வாய்?" என்றதும்தான் திணறுவார்கள். துளை சின்னதாக இருக்கிறது, ரீமர் (துளையைக் கொஞ்சம் பெரிதாக்கும் கருவி) போட்டுச் சரிசெய்யலாம். நோ-கோ போய்விட்டால் துளை பெரிதாகிவிட்டது. அநேகமாக அது ஸ்கிராப். இப்படிக் காரணத்தோடு பத்துக் கேள்விக்குத் தயாரானாலே அவருக்குப் பழைய தைரியம் வந்துவிடும்.

தரமணி_வழி:
அப்ரண்டிஸையும் விட வேண்டாம். நாட்ஸ் எனும் மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்ட இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதற்கான தெற்கு மண்டலப் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் நெய்வேலி என்.எல்.சி.யும் இந்த வழியில் பட்டதாரிகளை எடுக்கின்றன. ஓராண்டுப் பயிற்சி, 2019 விதியில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையே மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். முடிந்ததும் அங்கேயே வேலை கொடுக்கவேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது, அதைத் தெரிந்தே சேரட்டும். ஆனால் வாரியத்தின் சான்றிதழ் கையில் இருக்கும். சில இடங்களில் 'டிரெய்னிங்' என்று வாயால் சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் தளத்தில் பதிவாகாவிட்டால் அந்தச் சான்றிதழ் வராது. சேர்ந்த வாரமே பதிவெண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

வேலைக்கு முன்பணமோ ஒரிஜினல் சர்டிபிகேட்டோ கேட்கும் கன்சல்டன்சியிடம் கண்டிப்பாகப் போக வேண்டாம்.

தென்றல்_திருச்சி:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம். மார்க்‌ஷீட்டில் இனிஷியலோடு பெயர், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. சிக்கல் வருமா?

தரப்பிரிவு:
இனிஷியல் விரிந்திருப்பதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். எழுத்து மாறியிருந்தால்தான் தலைவலி: ஒன்றில் ஒரு 'ஏ', இன்னொன்றில் இரண்டு 'ஏ' என்பது மாதிரி. பி.எஃப். கணக்கு ஆதார் பெயரில்தான் உருவாகும், பான் கார்டும் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம். அதனால் மார்க்‌ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துக் கொடுங்கள். ஆஃபர் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.