பெட்டி டிவி, உப்பிய போன், பழைய பேட்டரி: எங்கே போடுவது?

கேள்வி (கானாடுகாத்தான்):
எங்க செட்டிநாட்டு வளவு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பெட்டி டிவி, இன்வெர்ட்டர் பேட்டரி, உப்பிய போன், டியூப்லைட்டெல்லாம் கிடக்குது. எடைக்குப் போடலாமாண்ணே?

பதில் (காரைக்குடி):
மொத்தமாப் போடாதீங்க தம்பி. முதல்ல போனைக் கவனிங்க. சார்ஜ் போடக் கூடாது, பேட்டரியை நெம்பவும் கூடாது; குத்துப்பட்டா உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். தகர டப்பாவில் காய்ந்த மணலுக்குள் வைத்து, வெயிலும் மழையும் படாத இடத்தில், மரச்சாமான் பக்கமில்லாமல் வையுங்க. இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாய்க்காமல், புதுசு வாங்கும் கடையிலேயே கொடுங்க, விலையில் கழிப்பாங்க. எடை குறைய அமிலத்தைச் சாக்கடையில் கொட்டுவது பெருங்கேடு, ஈயமும் சேர்ந்து போகும்.

பதில் (தேவகோட்டை):
டிவியை உடைக்கவே விடாதீங்க, படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கு. செம்புக்காக ஒயரை எரித்தால் டையாக்சின் என்ற நச்சுப்பொருள் வரும். டியூப்லைட்டில் பாதரசம்; உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, பெருக்காமல் அட்டையால் அள்ளுங்க. 2022 மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சிக்குத் தயாரித்த கம்பெனிதான் பொறுப்பு. கம்பெனி சேவை எண்ணில் கேளுங்க.