புதுப்பிப்பு: பேருந்து நிறுத்தமும் சைக்கிள் பாதையும்

கிழக்கு லண்டனில் பேருந்துகள் சைக்கிள் பாதையை மறித்து நிற்பதால், சைக்கிளில் வருபவர்கள் லாரிகளுக்கு நடுவே விலக வேண்டியிருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். "அப்புறம் பேருந்தை எங்கேதான் நிறுத்துவது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

அதே கிழக்கு லண்டனில் இருக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டு ஹை ஸ்ட்ரீட் சாலையைப் பாருங்கள். 2013-இல் அங்கே சைக்கிள் பாதையை நிறுத்தத்தின் பின்பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். பயணிகள் நிற்க, பேருந்து வரும் சாலைக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவில் ஒரு திட்டு. பேருந்தும் சைக்கிளும் உரசிக்கொள்ள வழியே இல்லை.

ஆனால் பார்வையற்ற ஒருவர் அனுப்பிய பதில் என்னை நிறைய யோசிக்க வைத்தது. திட்டுக்குப் போக அவர் சைக்கிள் பாதையைக் கடந்தாக வேண்டும். சைக்கிளோ சத்தமில்லாமல் வருகிறது. கடக்கும் இடத்தில் வெறும் வரிக்கோடு (ஜீப்ரா கிராசிங்) போட்டால் போதாது. அந்த இடத்தில் பாதையைக் குறுக்கி, நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, சைக்கிள் வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். டென்மார்க்கில் திட்டு இல்லாத நிறுத்தங்களில், ஏறி இறங்குபவர்களுக்குச் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்பது சட்டம்.

சரி, சட்டம் இருக்கட்டும். இறங்கும் கால் நேராகச் சைக்கிள் பாதையில் படுகிற நிறுத்தத்தை நான் ஆதரிக்க மாட்டேன். திட்டுக்கு இடமில்லை என்றால், கார் நிறுத்தும் இடத்தை எடுத்துக்கொள்ளட்டும்.