மறுசீரமைப்பா, புலன்படர்வா?

> "மறுசீரமைப்பு" என்றே வைத்துக்கொள்ளலாமே, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

தாம்பரம் ஐயாவுக்கும் கலைச்சொல் குழுவினருக்கும் வணக்கம். ஓர் உறுப்பு செய்தி அனுப்புவதை நிறுத்தியபின், மூளையில் அதற்குரிய இடத்தை வேறொரு புலன் எடுத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் cortical reorganization என்கிறார்கள். அதற்கான தமிழ்ச் சொல் பற்றித்தான் இந்தப் பேச்சு.

புழக்கத்தில் இருக்கிறது, சரி. ஆனால் மறுசீரமைப்பு என்றால் யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டுச் சீர்செய்தது போலத்தான் காதில் விழுகிறது. கையோ கண்ணோ செய்தி அனுப்புவதை நிறுத்தியபின் மூளையில் நடப்பது அப்படி இல்லை.

என் பெரியப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. இடது கையால் சவரம் செய்வார். கன்னத்தில் பிளேடு இறங்கும்போது, இல்லாத கட்டைவிரல் கூசுகிறது என்று நிறுத்திவிடுவார். சோப்பு நுரை முகத்திலேயே காயும். வீட்டில் நாங்கள் யாரும் நம்பவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நம் ஸ்டான்லியில் மருத்துவம் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களின் தொடக்கத்தில் காட்டியது இதைத்தான்: பஞ்சுக்குச்சியால் முகத்தைத் தொட்டால், போன கையில் உணர்வு. மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், கைக்கான இடமும் முகத்துக்கான இடமும் அக்கம்பக்கம். கையின் உணர்நரம்புகள் வெட்டப்பட்டு 12 ஆண்டுகளான குரங்குகளில், கைக்குரிய பகுதி முகத் தொடுகைக்கு மறுமொழி தந்ததை 1991-இல் கண்டார்கள். முகத்தின் பகுதி புறணியில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேலான தூரம் பரவியிருந்தது.

அதனால் என் முன்மொழிவு: புலன்படர்வு. பக்கத்துப் பந்தலில் செடி பட்டுப்போனால் நம் அவரைக்கொடி அங்கே படர்கிறதே, அந்தப் படர்வு. பார்வையற்றவர் பிரெயில் தடவிப் படிக்கையில் பார்வைப் புறணி வேலை செய்வதற்கும் இது பொருந்தும்.

அப்படி உண்மையிலேயே படர்கிறதா என்று குழுவின் மருத்துவர் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. 2025-இல் வந்த ஆய்வில், மூன்று பேரைக் கை அகற்றும் முன்பும் பின்பும் ஸ்கேன் செய்தார்கள். கையின் வரைபடம் அப்படியே இருந்தது; உதட்டின் பகுதி அங்கே பரவவில்லை. அப்படியானால் புலன்படர்வும் தவறா? இல்லை என்றே நினைக்கிறேன். "கொஞ்சம் படர்ந்தது", "படரவே இல்லை", "படர்ந்தும் பழைய வேர் சாகவில்லை" என்றெல்லாம் இந்தச் சொல்லை வளைக்கலாம். மறுசீரமைப்பு என்று சொன்னால், பழையது கலைந்துவிட்டது என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அப்புறம், புலன் செய்தி நின்றுபோவதற்கு "உள்ளீட்டிழப்பு" வேண்டாம், உள்ளீடு கணினிக்குப் போய்விட்டது. புழல் ஏரிக்கு நீர்வரத்து என்கிறோமே, அந்த வரத்தை எடுத்து "வரத்திழப்பு" என்று வைக்கலாமா?