அரைச் சொம்பு போதும்: நடந்து நடந்து சாப்பிட்ட கதைகள்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சாப்பாட்டு நடை ஒன்றுக்குப் போய் வந்தேன். ஊர் தெரிந்த ஒருவர் முன்னால் நடப்பார். அவர் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். மயிலாப்பூரிலும் மதுரையிலும் இப்படி நடக்கிறது என்று தெரியும், நம் பக்கத்தில் யார் செய்யப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். உங்களில் யாராவது இப்படிப் போயிருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

எனக்கு ஊர் தர்மபுரி. 2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரியும் எங்கள் மாவட்டம்தான். ஆனாலும் பெங்களூரு பஸ் கொஞ்ச நேரம் நின்று கிளம்புகிற ஊர் என்பதைத் தாண்டி அதை எனக்குத் தெரியாது. துணைக்கு அத்தையை அழைத்துக்கொண்டேன். வயது 68, சர்க்கரை உண்டு, பாலக்கோட்டுப் பக்கம் களி கிண்டியே வளர்ந்தவர். "சாப்பிடறதுக்கு ஒரு ஆளுக்குக் காசு குடுக்கணுமாடா? அவன் என்ன ஊட்டியா விடப்போறான்?" என்று பஸ் ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். தலைக்கு நானூறு ரூபாய் என்பதை நான் சொல்லவே இல்லை.

கூட்டிப்போனவர் புளி மண்டியில் பல வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பெரியவர். முந்தின நாள் போனில் ஒன்றுதான் சொன்னார்: "வெறும் வயித்தோட வாங்க. காபி குடிக்கலாம், அதுக்கு மேல வேண்டாம்." சரி என்று சொல்லிவிட்டு, காலையில் பஸ் ஸ்டாண்டில் சும்மா வாய்க்கு என்று இரண்டு போண்டா சாப்பிட்டேன். அத்தை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு மணிக்குக் கோட்டை மலை அடிவாரத்தில் ஒன்பது பேர் சேர்ந்தோம். பெங்களூரிலிருந்து நான்கு இளைஞர்கள், ஓசூரிலிருந்து ஒரு கணவன் மனைவி, அவர்கள் பெண் குழந்தை, நாங்கள் இருவர். பெரியவர் மலையைக் காட்டி, "ஹைதர், திப்பு, வெள்ளைக்காரன் கும்பினி, எல்லாரும் இதுக்காக அடிச்சுக்கிட்டாங்க. 1792ல பாராமகாலே, அதாவது இந்தச் சுத்துவட்டாரமே, கும்பினி கைக்குப் போயிடுச்சு. சரி வாங்க, கூழ் ஆறிடும்" என்றார்.

"கூழ் எப்பவும் ஆறினதுதானே தம்பி" என்றார் அத்தை. அங்கேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது.

தள்ளுவண்டியில் ராகிக் கூழ். புளித்த மோர், நறுக்கின சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய் ஊறுகாய், வறுத்த கருவாடு. இரண்டு பேருக்கு ஒரு சொம்புதான் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொன்னார். "அரைச் சொம்பு போதும், இன்னும் நாலு மணி நேரம் இருக்கு." எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது பேர் போய் நின்று பாதி வியாபாரம் கொடுத்தால் வண்டிக்காரர் என்ன நினைப்பார்? தனியாக ஒரு முழுச் சொம்பு வாங்கிக் குடித்தேன். வண்டிக்காரர் ஒன்றும் நினைக்கவில்லை, பெரியவர்தான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். போண்டாவின் மேல் அந்தக் கூழ் போய் உட்கார்ந்தது.

அடுத்து ஒரு வீட்டுத் திண்ணையில் குழிப்பணியாரம், அதற்கடுத்து ஆட்டுக்கால் பாயா. இரண்டும் நன்றாக இருந்தன, அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. பாயாக் கடைக்காரர் உள்ளே இருந்த பையனிடம் உருதுவிலும், போனில் தெலுங்கிலும், எங்களிடம் தமிழிலும் பேசியதைப் பார்த்து ஓசூர்க் குழந்தைக்கு ஒரே சிரிப்பு. அதற்கே வீட்டில் மூன்று மொழி ஓடும் என்று அதன் அம்மா சொன்னார்.

அன்றைக்கு எனக்கு மனதில் நின்றது சாப்பாடே இல்லாத ஓர் இடம். பெரியவர் எங்களைத் தான் வேலை பார்த்த பக்கம் கூட்டிப்போனார். ஒரு கொட்டகையில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு கல், கையில் சின்ன இரும்புத் துண்டு. ஓடு நீக்கின பழத்தைக் கல்லில் வைத்து ஒரு தட்டு, திருப்பி இன்னொரு தட்டு, கொட்டை தெறித்து ஒரு பக்கம் விழுகிறது, நார் இன்னொரு கையோடு வந்துவிடுகிறது. பேசிக்கொண்டேதான் தட்டுகிறார்கள், யாரும் கல்லைப் பார்ப்பதில்லை. ஒரு பெங்களூர் தம்பி கேட்டு வாங்கித் தட்டிப் பார்த்தார். கொட்டை நசுங்கியது, விரலும் நசுங்கியது.

பெரியவர் மூன்று வகைப் புளியை எங்கள் உள்ளங்கையில் வரிசையாக வைத்தார். முதலாவது அந்த வாரம் வந்தது, செம்மண் நிறம், வாயில் வைத்தால் முதலில் இனிப்புத்தான் தெரிகிறது. அடுத்தது போன வருஷத்துப் புளி, குளிர்பதனக் கிடங்கில் இருந்ததால் நிறம் அவ்வளவாக மாறவில்லை. மூன்றாவது ஒரு வீட்டில் உப்புப் போட்டுப் பானையில் வைத்திருந்தது, கறுப்பு. அதைத் தொட்ட நாக்கு கொஞ்ச நேரத்துக்கு வேறு எதையும் ஏற்கவில்லை. "கறுப்பா இருந்தா பழசு, கெட்டுப்போனதுன்னு டவுன்காரங்க திருப்பிக் குடுத்துடறாங்க" என்றார் பெரியவர். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "குழம்புக்குப் பழம்புளி போடாம வேற எதைப் போடுவாங்களாம்?" கொட்டையும் வீணாவதில்லை. அரைத்துப் பொடியாக்கினால் நூலுக்குக் கஞ்சி போட ஆலைகளுக்குப் போகிறது. பாயாவிலிருந்து இங்கே நேராக வந்ததே வாயைக் கழுவத்தான் என்று பெரியவர் கடைசியில் சொன்னார். எனக்கு வாய் கழுவப்பட்டது, வயிறு அப்படியேதான் இருந்தது.

நடுவில் ஒரு தம்பி, "மாம்பழ ஊருக்கு வந்துட்டு மாம்பழம் இல்லையா சார்?" என்று கேட்டார். மாசியில் ஏது மாம்பழம், மரத்தில் பூவும் பிஞ்சும்தான் இருக்கும். பெரியவர் வைகாசியில் வரச் சொன்னார். இங்கே விளைகிறதில் பெரும்பகுதி தோத்தாபுரி, கிளிமூக்கு என்றும் சொல்வோம், அது சாப்பிடும் மேசைக்கு வருவதைவிடக் கூழ் ஆலைக்குத்தான் அதிகம் போகிறது என்றார். அது ராகிக் கூழ் இல்லை, மாங்கூழ் என்று தம்பிக்கு விளக்க வேண்டியிருந்தது.

பதினொரு மணிக்குக் கடைசி இடம், களி. பலகைகூட இல்லாத ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும், முன்கூட்டிச் சொன்னால் மட்டும். பின்கட்டில் கிண்டுவதைப் பார்க்க விட்டார்கள். அரிசி நொய் வெந்த பானையில் ராகி மாவைக் குவித்துப் போட்டு, துடுப்புக் காம்பால் நடுவில் துளை போட்டு, மூடி வேகவிட்டார்கள். அப்புறம் அந்தம்மா பானையைக் கவைக்கட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு துடுப்பைச் சுழற்ற ஆரம்பித்தார். அத்தை எட்டிப் பார்த்து, "நொய் கொஞ்சம் பத்தலம்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "சர்க்கரைக்காரங்க வராங்கன்னு சொன்னாங்க, அதான் குறைச்சேன்" என்றார். எங்கள் குடும்பத்தில் அத்தையின் வாயை இவ்வளவு சுருக்காக யாரும் அடைத்ததில்லை.

கூடவே பிதுக்கம்பருப்புக் குழம்பு. அவரைக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, விடிந்ததும் ஒவ்வொன்றாக விரலில் பிடித்துப் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கி வெளியே வரும். ஒன்பது பேர் குழம்புக்கு எத்தனை பிதுக்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவரைக் காலம் முடிகிற நேரம் அது, இதுதான் கடைசி என்றார்கள். பெங்களூர் தம்பி களியை மென்றுகொண்டிருந்தார். "மெல்லாத கண்ணு, கிள்ளி, குழி பண்ணி, குழம்புல தோச்சு முழுங்கு" என்று அத்தை அவருக்கு ஒரு உருண்டை முழுவதும் சொல்லிக்கொடுத்தார். அவர் இரண்டாவது உருண்டை கேட்டார்.

நான்? ஒரு கைப்பிடிக்கு மேல் இறங்கவில்லை. இரண்டு போண்டாவுக்காகவும் ஒரு சொம்புக் கூழுக்காகவும் அந்தக் குழம்பை விட்டேன். அத்தை அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் சொன்னார்.

*

தர்மபுரி கடைவீதிப் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரி எழுதியது:

நீங்கள் எல்லாம் சாப்பிட்டவர்கள் பக்கம் எழுதுகிறீர்கள். நான் கடைக்காரி பக்கம் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு காலை எட்டரைக்கு வந்து நின்றார். அந்த நேரத்தில்தான் வேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். இவர்கள் நான்கு பேருக்கு ஒரு தட்டு வாங்கி, முதலில் போட்டோ எடுத்து, தட்டைத் திருப்பி வைத்து மறுபடி எடுத்து முடிப்பதற்குள் இட்லி ஆறிவிட்டது. அப்புறம் ஒருத்தர் "இட்லி கொஞ்சம் கல் மாதிரி இருக்கு" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் அதில் ஒரு பெண் நிலக்கடலைச் சட்னியைப் பற்றிக் கேட்டாள். கடலையை வறுத்துத் தோல் நீக்கி, காய்ந்த மிளகாய், பூண்டு, துளி புளி வைத்து அரைப்பதுதான், இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. நின்று எழுதிக்கொண்டு போனாள். அதற்காகத்தான் அந்த ஆளை மறுபடி வரவிட்டேன். இப்போது பத்து மணிக்கு மேல்தான் வர வேண்டும், ஆறு பேருக்கு மேல் கூடாது, தட்டு வந்ததும் சாப்பிட வேண்டும். மேலே எழுதியவர் முழுச் சொம்பு வாங்கியது சரிதான் என்பேன். வயிறு அவர் பாடு.

*

பென்னாகரத்திலிருந்து ஒருவர்:

எனக்குக் கசப்பான அனுபவம். ஒகேனக்கலில் 'நடந்து சுற்றிக்காட்டுகிறேன், நல்ல மீன் எங்கே என்று எனக்குத் தெரியும்' என்று ஒருத்தர் ஒட்டிக்கொண்டார். ஊர்க்காரன் நானே ஏமாந்தேன் என்பதுதான் வெட்கம், சென்னையிலிருந்து விருந்தாளிகள் கூட இருந்ததால் பேசாமல் போய்விட்டேன். அவர் போன மூன்று கடையிலும் பையனிடம் ஏதோ சைகை செய்தார், விலை ஏறியது. அங்கே எப்போதும் செய்வது இதுதான்: மீனை நாமே பார்த்து வாங்கி, சமைத்துத் தருகிற பெண்களிடம் கொடுத்து, கூலி பேசிவிட்டுப் பரிசல் போய் வர வேண்டும். திரும்பும்போது குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். அதற்கு நடுவில் ஒரு ஆள் தேவையே இல்லை. பழையபேட்டைப் பெரியவர் மாதிரி 'இங்கே கொஞ்சமாகச் சாப்பிடு' என்று சொல்கிறவர் வேறு ரகம்.

*

ஓசூரிலிருந்து ஒருவர் கேட்டது:

பாயா, கருவாடு என்றெல்லாம் வருகிறதே, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் வரலாமா?

*

முதலில் எழுதியவரின் பதில்:

வரலாம். அன்றைக்கு ஓசூர்த் தம்பதி சைவம்தான். நாங்கள் பாயா சாப்பிட உட்கார்ந்ததும் அவர்களைப் பக்கத்துத் தெருவில் ஒப்பிட்டு, அதாவது போளி, சாப்பிட அனுப்பினார் பெரியவர். தேங்காய் ஒப்பிட்டு, சூடாக. அதைக் கேட்ட பிறகு நானும் அங்கேயே போயிருக்கலாமோ என்று இருந்தது. முன்னாலேயே சொல்லிவிட்டால் களிக்குக் கீரைக் கடைசல் செய்து வைப்பார்கள்.

இட்லிக் கடைச் சகோதரிக்கு: அத்தையிடம் படித்துக் காட்டினேன். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேல் வருகிறாராம், போட்டோ எடுக்க மாட்டாராம். சட்னியில் பூண்டு எத்தனை பல் என்று மட்டும் கேட்கச் சொன்னார்.